கோலாலம்பூர் – சென்னை: எத்தனை மைல்? எத்தனை மணி?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தொலைவு, விமானத்தில் போய்ச் சேர எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்னும் கேள்வி, தோட்டப்புறங்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவதாகும். கேட்போர் பல தரத்தினர். புவியியல் பாடத்திற்காகக் கேட்கும் தமிழ்ப்பள்ளி மாணவர் உண்டு. மகளின் திருமணத்திற்குப் பட்டுச்சேலை எடுத்துவரப் புறப்படும் பெற்றோர் உண்டு. பழனிக்கும் இராமேசுவரத்திற்கும் நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. விடியற்காலையில் ஊரிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்து, "முகத்தையாவது பார்த்துவிட முடியுமா?" என்னும் ஒரே கவலையோடு கேட்போரும் உண்டு.

இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை கூறிவிடலாம். தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், அதாவது 1,600 மைலுக்குச் சற்று மேல். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. ஆயினும் இவ்விரண்டு எண்களை மட்டும் நம்பிப் புறப்பட்டு இடர்ப்பட்டவர்கள் பலர். ஆகவே, இவ்வெண்கள் எங்கிருந்து கிடைத்தன, அவை எதைக் கூறுகின்றன, எதைக் கூறாமல் விடுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நூலும் உருண்டையும்

நிலத்தில் சாலை உண்டு. சாலையோரத்தில் மைல்கல் உண்டு. வங்கக்கடலின்மேல் மைல்கல் நட்டு வைத்தவர் எவருமில்லை. பிறகு தொலைவை எவ்வாறு அறிவது?

பள்ளிகளில் இருக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் ஒரு நூலின் முனையை வைத்து, சென்னை வரை தளர்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அந்த நூல் கிடக்கும் வழியே இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வழியாகும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எனவே, நடுச்சுற்று ஒரு மீட்டர் உள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 400 கிலோமீட்டரைக் குறிக்கும். நூலை அளந்து பார்த்தால் ஆறரை சென்டிமீட்டர் வரும். ஆறரையை 400-ஆல் பெருக்கினால் 2,600.

உருண்டை இல்லாத பள்ளியில் கணக்காகவே செய்து பார்க்கலாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகை 8 கலையில் உள்ளது. சென்னை 13 பாகை 5 கலையில் உள்ளது. வடக்குத் தெற்கு வேறுபாடு கிட்டத்தட்ட 10 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் அது 1,100 கிலோமீட்டராகும். கிழக்கு மேற்காகப் பார்த்தால், கோலாலம்பூர் 101 பாகை 41 கலை. சென்னை 80 பாகை 16 கலை. வேறுபாடு 21 பாகை 25 கலை. இந்த அகலாங்குகளில் ஒரு பாகைக்கு 110 கிலோமீட்டர் என்று கொண்டால் 2,356 கிலோமீட்டர். இனி, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களை அறிந்து மூன்றாவது பக்கத்தைக் காணும் பழைய கணக்கைப் போட்டால் விடை மீண்டும் 2,600 என்றே வரும். படிவம் இரண்டில் பயிலும் பிள்ளைகள் இதை வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். பூமி உருண்டை என்பதால் இம்முறை நெடுந்தொலைவுக்குப் பொருந்தாது. இலண்டனுக்குப் போட்டால் தவறிவிடும். சென்னைக்குக் குற்றமில்லை.

இது நகருக்கும் நகருக்கும் இடையேயுள்ள தொலைவு. விமானமோ நகரின் நடுவிலிருந்து புறப்படுவதில்லை. 1965-ஆம் ஆண்டு முதல் நாட்டின் முதன்மை விமான நிலையமாக விளங்கியது சுபாங். 1998-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அப்பொறுப்பு செப்பாங்கிற்கு மாறியது. தோட்ட மக்களுக்கு இதில் ஒரு தனிப்பட்ட தொடர்பும் உண்டு. இன்று விமானங்கள் ஓடி ஏறும் அந்நிலம் ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமாக இருந்ததாகும். செப்பாங் கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ளமையால், விமான நிலையத்திற்கும் விமான நிலையத்திற்கும் இடையே அளந்தால் தொலைவு 25 கிலோமீட்டர் போலக் கூடி, 2,625 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

வானத்தில் உள்ள வழி

செப்பாங்கிலிருந்து சென்னைக்கு இழுத்த நேர்வழி, மலாக்கா நீரிணையைக் குறுக்கே கடந்து, சுமத்திராவின் வடகரை ஓரமாகச் சென்று, ஆச்சே முனைக்கும் பெரிய நிக்கோபார்த் தீவுக்கும் நடுவே புகுந்து வங்கக்கடலில் இறங்குகிறது. அதன்பின் சென்னைக் கரை வரை நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. நிக்கோபாரைத் தமிழர் முன்னர் நக்கவாரம் என்றழைத்தனர். முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் கல்வெட்டில் இத்தீவின் பெயர் வருகிறது. அக்கடாரம் நம் கெடாவே. சோழர் கலங்கள் காற்றுக்குக் காத்திருந்து கடந்த அந்நீர்வழியை, செப்பாங்கில் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறார். பெரும்பாலும் உறக்கத்திலேயே கடந்துவிடுகிறார்.

இவ்வழியில் பறக்கும் நடுத்தர விமானங்களின் வேகம், உயரே சென்று நிலைகொண்டபின், மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். 2,625-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி பத்து நிமிடமே வருகிறது. பயணச்சீட்டில் ஏன் நான்கு மணி நேரம் என்று போடுகிறார்கள்?

விமானம் புறப்பட்ட நேரம் என்று விமான நிறுவனம் கணக்கிடுவது, அது தரையை விட்டெழுந்த நேரத்தை அன்று. நின்ற இடத்தில் சக்கரங்களுக்கு முன்னே வைத்த கட்டையை எடுத்து, விமானம் நகரத் தொடங்கிய நேரத்தையே அவ்வாறு குறிக்கின்றனர். சென்னையில் மீண்டும் கட்டை வைக்கும் நேரமே வந்து சேர்ந்த நேரம். இடையில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், முன்னே நிற்கும் விமானங்களுக்குப் பின் முறைக்குக் காத்திருக்கவும் கால் மணி, இருபது நிமிடம் கழியும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. வானிலும் கட்டுப்பாட்டு நிலையத்தார் வகுத்த வழிகள் உண்டு. அவை நூல் பிடித்த நேர்கோடு அல்ல. இவற்றையெல்லாம் கூட்டி, எதிர்பாராத தாமதத்திற்கும் சிறிது இடம் விட்டே நான்கு மணி நேரம் என்று அறிவிக்கின்றனர். சில நாள்களில் விமானம் அறிவித்த நேரத்திற்கு இருபது நிமிடம் முன்பே தரையிறங்குவதும் இதனாலேயாம்.

காற்றின் பங்கும் இதில் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அப்போது தரையில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வியப்பு என்னவெனில், அதே மாதங்களில் மிக உயரே, 14 கிலோமீட்டருக்கும் மேலே, தென்னிந்தியாவின் வானில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு விரைந்த காற்றோட்டம் பாய்கின்றது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950-களில் இதனை ஆராய்ந்து விளக்கினார். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் விமானத்திற்கு அக்காற்றின் அடிப்பகுதி எட்டுகிறது. எனவே, அம்மாதங்களில் சென்னைக்குச் செல்லும் விமானத்தைக் காற்று பின்னிருந்து தள்ளுகிறது. திரும்பி வரும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. வேறுபாடு சில நிமிடங்களே.

இங்கே ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்திவிடுவோம். "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே; விமானம் மேலே எழுந்து சும்மா நின்றாலும் சென்னை தானாகக் கீழே வந்து நிற்காதா?" என்று கேட்கும் அறிவார்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருவராவது உண்டு. கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் பூமி தனியே சுழல்வதில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றையும் சேர்த்துக்கொண்டே சுழல்கிறது. ஓடும் பேருந்துக்குள் ஓர் ஈ பறக்கிறது. பேருந்து முன்னே போய்விட, ஈ பின் கண்ணாடியில் மோதிக்கொள்வதில்லை அன்றோ? விமானமும் அவ்வாறே காற்றுக்குள் பறக்கிறது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

தொலைவைவிட மிகுதியான தொல்லை தருவது கடிகாரமே. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரம் கோலாலம்பூர் நேரம். சேரும் நேரம் சென்னை நேரம். உலகெங்கும் இதுவே வழக்கம். காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் 10.30-க்குச் சென்னை சேரும் என்று சீட்டில் கண்டால், ஒன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையில் 10.30 ஆகும்போது இங்கே பிற்பகல் 1 மணி. திரும்பும்போது நேர்மாறு. சென்னையில் இரவு 11.30-க்கு ஏறினால் மறுநாள் காலை 6 மணிக்குச் செப்பாங். சீட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரம் போலத் தோன்றும். உண்மையில் அதே நான்கு மணிதான்.

இந்த இரண்டரை மணி வேறுபாடு எப்படி வந்தது? பூமி ஒரு முறை சுற்ற, அதாவது 360 பாகை திரும்ப, 24 மணி நேரம். ஆகவே, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இரு நகரங்களுக்கும் இடையே 21 பாகை 25 கலை. நான்கால் பெருக்கினால் 86 நிமிடம். கதிரவனை மட்டும் பார்த்துக் கடிகாரம் வைத்தால், வேறுபாடு ஒன்றரை மணியைக்கூட எட்டாது. எஞ்சிய ஒரு மணி நான்கு நிமிடம் மனிதர் வகுத்ததாகும்.

சென்னையின் கதிரவன் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரமாக ஐந்தரை மணியைக் கொண்டனர். அங்கே ஒன்பது நிமிடமே கூடியது. கோலாலம்பூரின் கதிரவன் நேரம் 6 மணி 47 நிமிடம். நாம் கடைப்பிடிப்பதோ 8 மணி. இங்கே 73 நிமிடம் கூடிவிட்டது. எட்டு மணி நேரத்திற்குரிய 120 பாகைக் கோடு மலேசியாவைத் தொடுவதுகூட இல்லை. சபாவிற்கும் கிழக்கே கடலில் செல்கிறது.

தீபகற்பத்தின் நேரம் எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. 1905-இல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முந்தியதாக வைக்கப்பட்டது. 1933-இல் 7 மணி 20 நிமிடமாயிற்று. 1941-இல் ஏழரை ஆயிற்று. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தையே திணித்தனர். கடிகாரம் ஒரே அடியாக ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. அவர்கள் போனபின் ஏழரை மீண்டது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் இருக்கவேண்டும் என்பதற்காக 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி எட்டு மணியாயிற்று. அந்நாள் வரை இந்தியாவுக்கும் நமக்கும் வேறுபாடு சரியாக இரண்டு மணி. பழைய பழக்கத்தில் "இரண்டு மணி குறைத்துக்கொள்" என்று கூறும் முதியோர் இன்றும் உண்டு. அரை மணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் பெரட்டுக்குப் போவோர் இதனைப் புத்தகம் இல்லாமலே அறிவர். காலை 6 மணிக்கு இங்கே கும்மிருட்டு. பெரும்பாலான நாள்களில் ஏழு மணிக்குப் பிறகே கதிரவன் தலைகாட்டுகிறான். சென்னையில் ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடுகிறது. அங்கிருந்து வரும் உறவினர், "உங்கள் ஊரில் இரவு ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்பது இதனால்தான்.

சீட்டில் காணும் மற்றொரு பொறி நள்ளிரவு விமானமாகும். 15-ஆம் தேதி 12.15 முற்பகல் என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டவுடனேயே விமான நிலையத்தில் இருக்கவேண்டும் என்று பொருள். 15-ஆம் தேதி இரவு மாலையும் பெட்டியுமாகக் குடும்பத்தோடு சென்று நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திகைத்தோர் ஒருவர் இருவர் அல்லர். போன விமானத்துக்குக் கட்டிய பணமும் அவ்விமானத்தோடு போயிற்று.

கப்பல் நாளின் கணக்கு

நான்கு மணி நேரம் என்பது நம் முன்னோர் கனவிலும் காணாதது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் தங்கி, கப்பலுக்குக் காத்திருந்து, ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்து வந்தவர்கள் அவர்கள். வந்தவுடனேயும் கரை கிட்டவில்லை. பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலோ, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலோ நோய்த்தடுப்பு முகாமில் நாள்களை எண்ணிக்கொண்டு கிடந்தனர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத தோட்டத்து முதியவர் இல்லை. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றி உயிர்ச்சேதம் விளைந்தது. அத்தோடு கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

அக்காலத்தில் ஊரில் ஒருவர் மறைந்தால் செய்தி கடிதமாகவே வரும். கடிதம் கையில் கிடைக்கும்போது அங்கே கருமாதியும் முடிந்திருக்கும். இங்கே லயத்து வாசலில் அமர்ந்து அழுது, ஆற்றங்கரையில் தலை முழுகுவதைத் தவிரச் செய்யக்கூடியது ஒன்றும் இருந்ததில்லை. போய்ச் சேர முடியுமா என்னும் கேள்வியே அன்று எழவில்லை. இன்று எழுகிறது. ஆகவேதான் கணக்கைச் சரியாகப் போடவேண்டியிருக்கிறது.

வாசலிலிருந்து வாசலுக்கு

பேராவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். தஞ்சாவூருக்கு அருகே ஊர். காலை 5 மணிக்குத் தாயார் மறைந்த செய்தி வருகிறது. கடப்பிதழும் விசாவும் கைவசம் உள்ளன. நல்லூழாகப் பிற்பகல் 2 மணி விமானத்தில் இடமும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

7 மணிக்குப் புறப்பட்டால், செப்பாங் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையில் நெரிசலின்றிச் சென்றால் 11 மணிக்கு அடையலாம். பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முகப்பு மூடப்படும்; அதன்பின் குடிநுழைவுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, நெடிய நடை. எனவே, மூன்று மணி நேர இடைவெளி மிகை அன்று. செப்பாங்கில் இரண்டு முனையங்கள் உள்ளன என்பதையும், தமக்குரியது எது என்பதையும் சீட்டில் முன்பே பார்த்து வைக்கவேண்டும். தவறான முனையத்தில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு மற்றதற்கு ஓடும் நேரத்தில் முகப்பு மூடிவிடும்.

2 மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் சென்னை நேரப்படி மாலை 3.30. குடிநுழைவும் சுங்கமும் கடந்து வெளியே வர ஒரு மணி நேரம். பிறகு தஞ்சாவூருக்குச் சாலைவழியே 340 கிலோமீட்டர் அளவு; ஆறு மணி நேரத்திற்குக் குறையாது. ஊரை அடையும்போது இரவு பத்தரையைத் தாண்டிவிடும்.

இப்போது மற்றொரு வழியைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேரே செல்லும் விமானங்கள் உண்டு. வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட 65 கிலோமீட்டரே கூடுதல். விமானத்திற்கு அது ஐந்து நிமிடம். அதே 2 மணிக்குத் திருச்சிக்குப் புறப்பட்டால் ஏறத்தாழ அதே 3.30-க்கு இறங்கி, 4.30-க்கு வெளியே வந்து, தஞ்சாவூரை 6 மணிக்கே அடைந்துவிடலாம். வரைபடத்தில் சென்னை கிட்டத்தில் இருக்கிறது. தாயாரின் முகம் திருச்சி வழியாகத்தான் கிட்டத்தில் இருக்கிறது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தவர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். வட ஆற்காட்டுப் பக்கத்தவருக்குச் சென்னையே வசதி. கெடா, பினாங்கு, வட பேராவில் இருப்போர் பினாங்கையும் விசாரித்துக்கொள்ளலாம். பினாங்கிலிருந்து சென்னை 2,365 கிலோமீட்டர்தான். 2024 டிசம்பரில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடிச் சேவை தொடங்கியது. விமான அட்டவணைகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே புறப்படுமுன் கேட்டறிவது நன்று.

காலை 5 மணிச் செய்தி முதல் திருச்சி வழியாக ஊரை அடையும்வரை எண்ணினால் பதினைந்தரை மணி நேரம். அதில் விமானத்தில் கழிந்தது நான்கே மணி. எஞ்சிய பதினொன்றரை மணி நேரம் தோட்டத்திலும், நெடுஞ்சாலையிலும், வரிசையிலும், மீண்டும் சாலையிலும் போயிற்று. விமானத்தின் நான்கு மணியை நம்மால் குறைக்க இயலாது. குறைக்கக்கூடியவை மற்றவைதாம்.

ஊராருக்கு என்ன செய்தி சொல்லவேண்டும் என்பதும் இங்கே முக்கியமாகும். கிராமங்களில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது வழக்கம். இப்போது குளிர்பதனப் பெட்டி கிடைக்கும் ஊர்களில் மறுநாள் வரை காத்திருக்கவும் செய்கின்றனர்; ஆனால் எந்நேரம் வரை என்று அவர்களுக்குத் திட்டமாகத் தெரியவேண்டும். "எட்டரைக்கு வந்துவிடுவேன்" என்று நம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால், அவர்கள் இரவு எட்டரை என்று எண்ணி மறுநாளுக்கு ஒத்திவைப்பர். அல்லது காத்திருக்க மனமின்றி எடுத்துவிடுவர். "உங்கள் நேரம் மாலை 6 மணி" என்று சொல்வதே முறை. சொல்லும்போது ஒரு மணி நேரத்தைக் கூட்டியே சொல்லலாம்.

இவ்வளவும் கடப்பிதழும் விசாவும் தயாராக இருக்கும் குடும்பத்தின் கணக்கு. இந்தியா செல்லும் மலேசியருக்கு விசா தேவை. கடப்பிதழ் குறைந்தது இன்னும் ஆறு மாதத்திற்குச் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். விசாவுக்குக் கணினி வழியே விண்ணப்பிக்கலாம் எனினும், பயணத்திற்குச் சில நாள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அவசரம் எனில் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகவேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் கடப்பிதழ் இரண்டாண்டுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்பது சாவுச் செய்தி வந்த காலையில் தெரியவருமானால், நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள ஊர் நான்கு நாள் தொலைவுக்குப் போய்விடும். ஊரில் முதிய பெற்றோரோ உடன்பிறந்தோரோ உள்ளவர்கள் இன்று மாலையே அந்தப் பெட்டியைத் திறந்து தேதியைப் பார்ப்பார்களாக. தோட்ட அலுவலகத்துக் கிராணியாரோ பள்ளித் தலைமையாசிரியரோ விண்ணப்பம் நிரப்ப உதவுவர். படித்த பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தால் அவர்களே போதும்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ நேரந்தவறாமல் எடுத்துக்கொள்வோர் இரண்டரை மணி வேறுபாட்டைப் பற்றிப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். மருந்தைக் கைப்பையில் வைக்கவேண்டுமேயன்றி, விமானத்தின் அடிவயிற்றில் போகும் பெட்டியில் வைக்கலாகாது. பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் மனிதர் பிழைத்துக்கொள்வர். மருந்து பிந்தி வரக்கூடாது. பெட்டியில் கட்டும் சீட்டில் சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.' என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. 1996-இல் நகரின் பெயர் மாறியும், மெட்ராஸ் என்ற பழைய பெயரின் குறியே விமானத்துறையில் நிலைத்துவிட்டது. திருச்சிக்கு 'டி.ஆர்.இசட்.' என்பர்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி ஒரு சொல். இரவு 11.30-க்குச் சென்னையில் ஏறுபவர், மறுநாள் காலை 6 மணிக்குச் செப்பாங்கில் இறங்குவார். வெளியே இன்னும் இருட்டாகவே இருக்கும். அவர் உடலின் கணக்கிலோ மணி மூன்றரை, உறக்கமும் நிறைந்திராது. குடிநுழைவு வரிசையைக் கடந்து பெட்டியை எடுக்க ஏழு மணிக்கு மேலாகும். பேராவுக்குப் பேருந்து பிடித்துத் தோட்டம் சேர நண்பகல் ஆகிவிடும். காரில் வருவோர் வண்டியோட்டும் பொறுப்பை, இரவு உறங்கி எழுந்து அழைக்க வந்தவரிடமே விடுவது நலம். அன்றைய பெரட்டுக்கு எப்படியும் போக இயலாது. விடுப்புக் கடிதம் எழுதும்போதே அந்த ஒரு நாளையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.